கணினி சொல்லும் திகதியை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டிலோ பள்ளிவாசலிலோ சங்கக் கட்டடத்திலோ பழைய கணினி, புளொப்பி, சீடி ஏதாவது கிடந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு எப்படி வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் ஒரு செய்தி சொல்வார்கள். கலீஃபா உமர் (ரழி) அவர்களிடம் ஒரு கடன் பத்திரம் வந்தது. “ஷஃபானில் கொடுக்க வேண்டும்” என்று அதில் இருந்தது. “எந்த ஷஃபான்? போன வருடத்தினதா, இந்த வருடத்தினதா, வரப்போவதா?” என்று அவர்கள் கேட்டார்களாம். பஸ்ராவில் ஆளுநராக இருந்த அபூ மூஸா அல் அஷ்அரீ (ரழி) அவர்களும், உங்கள் கடிதங்களில் திகதி இல்லாததால் எது முந்தியது எது பிந்தியது என்று தெரியவில்லை என்று எழுதியதாக இன்னொரு செய்தி உண்டு. ஆலோசனை நடந்து, ஹிஜ்ரத்தை முதலாக வைத்து ஆண்டு எண்ணுவது என்று முடிவானது. அது ஹிஜ்ரி 16 அல்லது 17.

ஆண்டுக் கணக்கு வந்ததற்குக் காரணம் பெருநாள் கொண்டாடுவதல்ல. ஒருவருடைய பணம், ஒருவருடைய உரிமை, ஒரு கட்டளையின் வலு எல்லாம் திகதியில் தங்கியிருந்தது. அதுதான் காரணம்.

எங்கள் மன்னாரில் திகதியில் தொங்கும் உரிமைகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70 ஆயிரம் முதல் 75 ஆயிரம் பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் என்று தீவிலிருந்து படகேறியவர்கள் கல்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். உறுதியும் பேர்மிட்டும் அடையாள அட்டையும் சிலர் கையில் இருந்தன. பலர் கையில் இல்லை. அதற்குப் பிறகு 20 வருடம் புத்தளத்து முகாம்களில் எழுதப்பட்ட குடும்பப் பட்டியல், காணி விபரம், நிவாரண அட்டை விபரம், பள்ளிவாசல் கடிதம் இவைதான் எங்கள் ஆவணங்கள். முதலில் கொப்பிகளில் கையால் எழுதினார்கள். பிறகு தட்டச்சு. அதற்கும் பிறகு, 90களின் கடைசியிலும் 2000க்குப் பின்னரும், கணினி.

2016இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம். சாதாரணமாக ஒரு காணியில் ஒருவர் 10 வருடம் தடையில்லாமல் ஆட்சி செய்தால் ஆட்சியுரிமை கோரலாம். யுத்தத்தால் துரத்தப்பட்டவருக்கு அந்த 10 வருடத்துக்குள் வந்து வழக்குப் போட வழியே இருக்கவில்லை. ஆகவே 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஆனால் வழக்கை இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. இதற்கு முன், 2012 ஒக்டோபரில், முசலிப் பக்கம் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாகப் பிரகடனம் ஆயின. 22 வருடம் ஆளில்லாமல் கிடந்த இடத்தில் மரம் வளரத்தான் செய்யும். அந்த விவகாரத்தின் சரி பிழைக்குள் இப்பதிவில் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: எப்போது? எப்போது இருந்தீர்கள், எப்போது போனீர்கள், இந்தப் பட்டியலை எப்போது எழுதினீர்கள்?

கடைசிக் கேள்விக்கு இப்போது எல்லோரும் சொல்லும் பதில், “கோப்பை ரைட் கிளிக் பண்ணிப் பாருங்கள் சேர், திகதி காட்டும்” என்பது. காட்டும்தான். ஆனால் அது எதனுடைய திகதி?

திகதி கணினிக்குள் வந்த கதை

1981இல் ஐபிஎம் நிறுவனம் விற்பனைக்கு விட்ட முதல் தனியாள் கணினிக்குள் பெட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் டொஸ் ‘இன்றைய திகதி என்ன?’ என்று கேட்கும். நாம் அடித்தால் உண்டு. சோம்பலில் வெறுமனே என்டரைத் தட்டினால் அது 1980 ஜனவரி 1 என்று வைத்துக்கொள்ளும். டொஸின் நாட்காட்டியே அந்த நாளில்தான் தொடங்குகிறது. பெட்டரிக் கடிகாரம் உள்ளேயே பொருத்தி வந்தது 1984இன் ஏடி மாதிரியில்.

டொஸ் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவில் ஒரு சிறு பதிவு வைத்திருந்தது. பெயர், அளவு, ஒரு திகதி, ஒரு நேரம். ஒரே ஒரு திகதி என்பதைக் கவனியுங்கள். அது கோப்பைக் கடைசியாக மாற்றிய திகதி. உருவாக்கிய திகதி என்ற ஒன்றை டொஸ் எழுதவே இல்லை. அது வந்தது விண்டோஸ் 95 உடன். ஆகவே டொஸ் காலக் கணினி ஒன்றில் ‘இது எப்போது உருவானது’ என்று தேடினால் கிடைக்காது. மறைந்து போகவில்லை, முதலிலேயே பதியப்படவில்லை.

ஒவ்வொரு முறைமைக்கும் ஒவ்வொரு ‘ஹிஜ்ரத்’ உண்டு. யுனிக்ஸ் 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளை எண்ணுகிறது. பழைய மெக்கின்டோஷ் 1904இலிருந்து. 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை 1601 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது. கிரகோரிய நாட்காட்டியின் 400 வருடச் சுற்று ஒன்று அன்று தொடங்குவதால் அந்தத் தெரிவு. பழைய கணினியில் 1980, 1970, 1904, 1601 என்று விசித்திரமான திகதி வந்தால் பயப்பட வேண்டாம். ‘எனக்குத் தெரியாது’ என்பதைக் கணினி அப்படித்தான் சொல்கிறது.

இன்னொரு சிறு விடயம். டொஸ் தன் பதிவில் இடம் மிச்சம் பிடிக்க விநாடிகளை இரண்டிரண்டாக எண்ணியது. 5 பிட்டில் 60 விநாடி அடங்காது, 30 அடங்கும். ஆகவே புளொப்பியிலும் விண்டோஸ் 98 ஹாட் டிஸ்க்கிலும் இருந்த கோப்புகளின் மாற்றிய நேரத்தில் விநாடி எப்போதும் இரட்டை எண்தான். பின்னாளைய கணினியில் இருக்கும் ஒரு தொகுதிக் கோப்புகள் அத்தனையிலும் விநாடி இரட்டை எண்ணாகவே இருந்தால், அவை ஒரு காலத்தில் புளொப்பியிலோ பென்ட்ரைவிலோ பயணம் செய்திருக்கலாம் என்று ஊகிக்க முடியும்.

எங்கள் நாட்டின் அரை மணித்தியாலம்

இது எங்கள் நாட்டுக்கே உரிய சிக்கல். 1996இல் வரட்சி, நீர்மின் குறைவு, மின்வெட்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்க மே 25இல் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். கிரினிச் நேரத்தோடு 5:30 என்றிருந்தது 6:30 ஆனது. அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்னே எடுத்து 6:00 ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் புதுவருடத்தோடு மறுபடி 5:30. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை, பழைய நேரமே ஓடியது. மன்னார்த் தீவு அரசாங்கத்திடம், பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி புலிகளிடம் என்று இருந்த அந்த வருடங்களில், ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நேரம் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அது நடந்தது.

கோப்புக்கு இதனால் என்ன வரும்? விண்டோஸ் 98இன் முறை சுவர்க் கடிகாரம் காட்டிய நேரத்தை அப்படியே எழுதி வைக்கும். எக்ஸ்பியில் பெரும்பாலும் இருந்த என்டிஎஃப்எஸ் கிரினிச் நேரத்துக்கு மாற்றி எழுதி, நாம் பார்க்கும்போது இன்றைய அமைப்பின்படி திரும்ப மாற்றிக் காட்டும். 2004இல் இரவு 12:10க்குச் சேமித்த ஒரு கோப்பை 5:30 என்று அமைத்த இன்றைய கணினியில் பார்த்தால் முதல் நாள் இரவு 11:40 என்று காட்டலாம். நாளே மாறிவிடுகிறது. யாரும் திருத்தவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. நாட்டின் நேரம்தான் மாறியது. இந்த விடயம் தெரியாத ஒருவர், ‘இரண்டு பிரதியில் இரண்டு திகதி, இது போலி’ என்று சொல்லிவிட முடியும். தெரிந்த ஒருவர் ஒரு நிமிடத்தில் விளக்கிவிட முடியும்.

இதோடு, கடையில் பொருத்தி வாங்கிய கணினிகள் பலவற்றில் நேர வலயம் அமெரிக்க நேரமாகவே விடப்பட்டு, கடிகார முள்ளை மட்டும் கையால் திருத்தியிருப்பார்கள். மதர்போர்டில் இருக்கும் காசு அளவுப் பெட்டரி செத்துவிட்டால், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் தொடக்கத்துக்குப் போகும். சிலதில் 1980, சிலதில் அந்த போர்ட் செய்த வருடம். 2007இல் தட்டச்சு செய்த கடிதம் 2002 ஜனவரி என்று நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சின்னப் பெட்டரிதான்.

பிறந்த நாள் அல்ல, வந்திறங்கிய நாள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விண்டோஸில் ஒரு கோப்பை ரைட் கிளிக் செய்து புரொப்பட்டீஸ் போனால் மூன்று திகதி இருக்கும். உருவாக்கியது, மாற்றியது, கடைசியாகத் திறந்தது. எக்ஸ்பியிலும் அதற்குப் பின்னரும் கட்டளைச் சாளரத்தில் டிர் என்று அடித்து, ஒரு சாய்கோடு போட்டு டி, சி என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்தால் ஒரு கோவையில் உள்ள எல்லாவற்றினதும் உருவாக்கிய திகதி வரிசையாக வரும். விண்டோஸ் 98இல் அந்த வசதி இல்லை, ரைட் கிளிக்தான்.

ஆனால் ‘உருவாக்கியது’ என்று அது சொல்வது, இந்தப் பிரதி இந்த டிஸ்க்கில் உருவான நாளை. அந்த எழுத்து எழுதப்பட்ட நாளை அல்ல. ஒரு கோப்பை பென்ட்ரைவில் கொப்பி செய்தால் அங்கே அதற்குப் புதிய உருவாக்கிய திகதி விழும். மாற்றிய திகதி மட்டும் பழையதாகவே கூட வரும்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பப் பட்டியலை வைத்துக்கொள்வோம். மாற்றியது 2003 மார்ச், உருவாக்கியது 2008 ஆகஸ்ட் என்று காட்டுகிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்னரே அதற்குச் சட்டை தைத்தது போல, உருவாக்குவதற்கு முன்னரே எப்படி மாற்றினார்கள்? விளக்கம் எளிது. 2003 மார்ச்சில் கடைசியாகத் திருத்தப்பட்டது. 2008 ஆகஸ்டில் இந்தக் கணினிக்கு வந்திறங்கியது. முதலில் எப்போது அடித்தார்கள் என்பது இந்த இரண்டிலும் இல்லை, 2003 மார்ச்சிலோ அதற்கு முன்னரோ என்று மட்டும் சொல்லலாம். அதுவும் அந்தக் கடிகாரம் சரியாக இருந்திருந்தால்.

எங்களுக்கு இது விளங்காத விடயமா? 1990இல் எருக்கலம்பிட்டியிலிருந்து போன ஒரு குடும்பத்தின் புத்தளத்துப் பதிவில், பதிவு செய்த நாள் 1991 என்று இருக்கும். அது அவர்கள் புத்தளத்துக்கு வந்து பதிந்த நாள். ஊர் தோன்றிய நாள் அல்ல. அதை வைத்துக்கொண்டு ‘நீங்கள் 1991இலிருந்துதானே’ என்று யாரும் கேட்டால் எப்படிக் கோபம் வரும்?

ஆகவே பழைய கோப்பு ஒன்றைப் பார்க்கும்போது மூன்று திகதிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். தகவல் எந்தக் காலத்தினது? எழுத்து எப்போது தட்டச்சானது? இந்தப் பிரதி எப்போது இங்கே வந்தது? ‘1990 பட்டியல்’ என்று பெயரிட்ட கோப்பு 2004இல் அடிக்கப்பட்டிருக்கலாம், 2011இல் கொப்பியாகியிருக்கலாம். மூன்றும் உண்மைதான். ஒன்றை மற்றதாகச் சொன்னால்தான் பொய்.

கோப்புக்குள் இருக்கும் சாட்சிகள்

வெளித் திகதி மாறிவிட்டாலும் உள்ளே சில தடயங்கள் இருக்கும். வேர்ட் ஆவணம் தன் வயிற்றுக்குள்ளேயே உருவாக்கிய நாள், கடைசியாகச் சேமித்தவர் பெயர், கடைசியாக அச்சிட்ட நாள், மொத்தம் எத்தனை நிமிடம் திருத்தினார்கள் என்பதை எழுதி வைத்திருக்கிறது. சாதாரணமாகக் கொப்பி செய்தால் அவை மாறாது. ஆனால் அவையும் அதே கணினியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதப்பட்டவை.

எழுத்துருவும் பேசும். எங்கள் பக்கத்துப் பழைய தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடப்பது போலத் தெரியும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள், உள்ளே உங்கள் வாப்பாவின் பெயர் இருக்கலாம். யுனிகோட் தமிழுக்கு விண்டோஸில் ஆதரவு வந்தது விண்டோஸ் 2000 உடன், லதா எழுத்துருவோடு. ஆகவே லதாவில் அடித்த ஒரு கடிதத்தை 1997இல் கணினியில் அடித்தது என்று யாராவது நீட்டினால், கேள்வி கேட்க வேண்டியதுதான்.

இது சின்னக் கேள்வி அல்ல. 2017இல் பாகிஸ்தானில் நவாஸ் ஷரீஃப் குடும்ப வழக்கில் என்ன நடந்தது? அவருடைய மகள் மர்யம் நவாஸ் தரப்பு கொடுத்த ஒரு பத்திரத்தில் 2006 பெப்ரவரி என்று திகதி. எழுத்துரு கலிப்ரி. அந்த எழுத்துரு பொதுச் சந்தைக்கு வந்ததோ 2007 ஜனவரியில், விஸ்டாவோடும் ஒஃபிஸ் 2007 ஓடும். விசாரணைக் குழு இதைப் பிடித்துக்கொண்டது. முன்கூட்டியே வெளியான சோதனைப் பதிப்புகளில் அது இருந்ததே என்று மறுபக்கம் வாதிட்டது. 2018இல் அந்த வழக்கில் அவருக்குத் தண்டனை விழுந்தது, 2022இல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது. முடிவு எதுவானாலும், ஒரு நாட்டின் அரசியலே ஓர் எழுத்துருவின் வயதைப் பற்றிப் பேசிய காலம் அது.

ஒரே ஒரு கருவியின் திகதியை வைத்து முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு எங்கள் மன்னார் நகரமே சாட்சி. சதொச கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டிய இடத்தில் 2018இல் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்குப் போய், 2019 மார்ச்சில் காபன் பரிசோதனை முடிவு வந்தது. 1404 முதல் 1635 வரையான காலம் என்றது அது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இந்த ஒரு முடிவோடு விடயத்தை மூட முடியாது என்றார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் நிபுணன் அல்ல. ஆனால் கருவி ஒரு திகதி தரும், அந்தத் திகதியைச் சுற்றியுள்ள மற்றச் சாட்சிகளையும் மனிதர்கள்தான் வாசிக்க வேண்டும் என்பது அந்தக் குழிக்கும் பொருந்தும், இந்தக் கோப்புக்கும் பொருந்தும்.

சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. கணினி ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்பதற்கு எங்கள் நாட்டில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இருக்கிறது. கணினி ஒழுங்காக இயங்கியதா, பழுது இருந்தால் அது தகவலின் சரித்தன்மையைப் பாதிக்கவில்லையா என்று அது கேட்கும். பெட்டரி செத்த கணினியைக் கொண்டுபோய், ‘திரையில் திகதி இருக்கிறதே’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. ‘இந்தக் கடிகாரம் இத்தனை வருடம் பின்னால் ஓடியது, இதோ கணக்கு’ என்று சொல்ல முடிந்தால் அது வேறு.

இப்போது என்ன செய்யலாம்

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு மூலாதாரம், துணை ஆதாரம் என்று படிப்பித்தார்கள். அந்த அலுமாரியில் கிடக்கும் சிபியூ ஒரு மூலாதாரம். பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துக் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. போட்டதும் முதல் வேலையாக அந்தக் கணினியின் கடிகாரம் காட்டும் திகதியையும் உங்கள் கைத்தொலைபேசி காட்டும் நேரத்தையும் ஒரே படத்தில் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிறகு எல்லாவற்றையும் கணக்கிட உதவும். கடிகாரத்தைத் திருத்த வேண்டாம்.

2. நேர வலயம் எது என்று பாருங்கள். எக்ஸ்பியில் சிறி ஜயவர்தனபுர என்றால் அந்தக் காலத்து 6:00. சென்னை, கொல்கத்தா என்றால் 5:30. எழுதி வையுங்கள்.

3. கோப்புகளைத் திறந்து பார்த்துச் சேமிக்காதீர்கள். ஒரு முறை சேமித்தால் மாற்றிய திகதி இன்றைய திகதி ஆகிவிடும். திறக்கும் முன் புரொப்பட்டீஸைத் திரையோடு படம் எடுங்கள்.

4. முடிந்தால் கோப்பு கோப்பாகக் கொப்பி செய்யாமல் டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அப்போதுதான் எல்லாத் திகதியும் இருந்தபடி வரும். முடியாவிட்டால், மூல டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுப் பிரதியில் வேலை செய்யுங்கள்.

5. அதை அடித்தவர் உயிரோடு இருந்தால் போய்க் கேளுங்கள். எந்த வருடம், யார் சொல்லி, எந்தக் கொப்பியைப் பார்த்து அடித்தார் என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். முகாம் காலத்தில் இளைஞராக இருந்தவர்களுக்கு இப்போது 60 தாண்டுகிறது. இது எல்லாவற்றிலும் அவசரமானது.

6. கைகொப்பிகளை எறிய வேண்டாம். கோப்பும் கொப்பியும் ஒன்றுக்கொன்று சாட்சி.

தனிப்பட்ட விபரம் இல்லாத மலர்கள், அறிக்கைகள், அழைப்பிதழ்கள் இருந்தால் நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம நூலகங்களுக்குக் கொடுக்கலாம். 2005இலிருந்து அவர்கள் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் எழுத்துகளைச் சேர்த்து வருகிறார்கள். அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் உள்ள பட்டியல்களை மட்டும் முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

வடபுல முஸ்லிம்களின் வரலாற்றை நாளை எழுதப்போகும் பிள்ளை இன்று என் வகுப்பில் 7ஆம் ஆண்டில் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குக் கதைகள் நிறையக் கிடைக்கும். திகதியோடு ஒரு தாள் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

எந்த ஊரில், எந்தப் பள்ளிவாசலில், எந்தச் சங்கத்தில் இப்படிப் பழைய கணினி இருக்கிறது என்று தெரிந்தால் உட்பெட்டியில் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் போய்ப் பார்த்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.